ஆறு மணித்தியாலத்துக்குள்

ஒரு முறைப்பாடு வந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் அதைப் பார்த்து முடித்துவிட வேண்டும். அது நான் எழுதிய விதி. மற்ற இணையத்தளங்களில் இரண்டு நாள், மூன்று நாள் எடுப்பார்கள். எங்கள் ஊரில் கரண்ட் போகும், ரெலிபோன் போகும், ஊரடங்கு வரும். அதையெல்லாம் கழித்துப் பார்த்துத்தான் ஆறு என்று வைத்தேன். ஒரு தடவையும் ஆறைத் தாண்டியதில்லை.

நான் பௌதிகம் படித்தவள். 2006 இல் பட்டம் முடித்துத் திருகோணமலைக்குத் திரும்பி, ஆசிரிய நியமனத்துக்கு எழுதிப்போட்டுவிட்டு இருந்தேன். யாருக்கும் நியமனம் வரவில்லை. உட்துறைமுக வீதியில் ஸஹாப்தீன் நானாவின் கொமினிகேஷன் கடையில் ரைப் அடிக்க ஆள் தேவை என்றார்கள், போனேன். ஐந்து கணினி, தொலைநகலுக்கு ஒரு பக்ஸ், ஒரு போட்டோக்கொப்பி மிசின். கணினிகளுக்கு இடையில் பலகை மறைப்பு, முன்னால் திரைச்சீலை. என் கணினி முன்மேசையில் தனியாக இருந்தது. அதற்கும் இன்ரநெற் பெட்டிக்கும் மட்டும் ஒரு பற்றரி உண்டு. கரண்ட் போனால் மற்றவை அணைந்துவிடும், என்னுடையது இன்னும் அரை மணித்தியாலம் ஓடும். ரைப் அடித்த மனுக்கள் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக நானா வாங்கிப் போட்டது.

மனுக்கள்தான் அதிகம். மகனைக் காணவில்லை, கணவரைக் காணவில்லை, கப்பலில் யாழ்ப்பாணம் போக இடம் வேண்டும். பிழையாக அடித்த தாள்களை வாசலில் ஒரு பெட்டியில் போடுவேன். கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியில் திரிந்து வந்து அவற்றைத் தின்னும்.

"மிஸ், ஜனாதிபதிக்கு எழுதின மனுவ அது வாசிச்சு முடிச்சிட்டு" என்பார் நானா. "பதிலும் அதுதான் போடணும் போல."

நான் சிரிப்பேன். பதில் சொல்ல வராது. ஆண்களோடு பேசும்போது எனக்கு வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். எழுத்தில் அந்தக் கஷ்டம் இல்லை.

அதனால்தான் தவராசா அண்ணனின் வேலை எனக்குப் பொருந்தியது. அவர் எங்கள் ஊர்க்காரர், கனடாவில் இருக்கிறார். 'உள்வீடு' என்று தமிழில் ஓர் இணையத்தளம் நடத்தினார். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். வீட்டில் பேச முடியாததை அங்கே பேசலாம்: கலியாணம், உடம்பு, ஆசை, அது இல்லாமற் போவது. எல்லோருக்கும் புனைபெயர். அங்கே வருபவர்கள் கெட்டவர்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். வாசித்தபோது பெரும்பாலானவர்கள் தனித்துப் போனவர்கள் என்று கண்டேன். கணவர் கட்டாரில், மனைவி குச்சவெளியில். இடையில் நான்கு வருடம்.

என் வேலை இரண்டு. பதிவுகளைப் பார்த்து, வயது குறைந்தவர்கள், படங்கள், மிரட்டல்கள் இருந்தால் நீக்குவது ஒன்று. தளத்துக்கான விளம்பர வாசகங்களை எழுதுவது மற்றது. அவர் முதலில் அனுப்பியிருந்த விளம்பரம் இப்படி இருந்தது: "நூற்றுக்கு நூறு இரகசியம். ஆயிரம் பெண்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்." நான் இரண்டு வசனத்தையும் வெட்டினேன். இரகசியத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தளத்தில் இருநூறு பெண்கள்தான் இருந்தார்கள், அவர்களில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பதிலுக்கு நான் எழுதியது: "உங்கள் பெயரை நாங்கள் கேட்பதில்லை. நீங்களும் யாருக்கும் சொல்ல வேண்டாம்."

தவராசா அண்ணன் தொலைபேசியில் எடுத்தார்.

"பிள்ளை, நான் விளம்பரமல்லோ கேட்டனான். நீர் சத்தியக்கடதாசி எழுதித் தந்திருக்கிறீர்."

"பொய் எழுதினா நம்பி வந்து மாட்டுப்படுவினம் அண்ணை."

"சரி, உம்மட பாட்டுக்கு எழுதும். கொஞ்சமெண்டாலும் சீனி போடும்."

சீனி போடவில்லை. எனக்கென்று ஒரு அளவு வைத்திருந்தேன். முழு உண்மையையும் சொல்ல இடம் இல்லாவிட்டாலும், சொல்கிற பகுதி உண்மையாக இருக்க வேண்டும். அந்த அளவை நான் கடைசிவரை மீறவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

2007 பங்குனியில் 'மழைக்கிளி' என்ற பெயரில் எழுதும் ஒரு பெண்ணிடமிருந்து முறைப்பாடு வந்தது. 'தனிப்படகு' என்ற ஆள் அவருக்குத் தனிமடல் எழுதியிருந்தான். அவருடைய உண்மையான பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்றும் தெரிந்திருந்தது. படம் அனுப்பு, அல்லது உப்புவெளிக் கடற்கரைக்கு வா, இல்லாவிட்டால் உன் வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் அனுப்புவேன் என்று எழுதியிருந்தான். எழுத்து நல்ல இலக்கணத் தமிழ். ஒரு பிழையும் இல்லை.

மழைக்கிளி எனக்கு எழுதியது ஒரு வரி. "நான் செத்தால் பிள்ளை ஆரோடு இருக்கும்?"

இரண்டு மணித்தியாலத்தில் தனிப்படகை நீக்கினேன். மறுநாள் 'தனிப்படகு 2' என்று வந்தான். நீக்கினேன். திரும்ப வந்தான். மூன்றாம் தடவை தவராசா அண்ணனுக்குச் சொன்னேன். வாசலைப் பூட்டினால் கூரையால் வருவான், நீர் பார்த்துப் பார்த்து அழியும், வேறென்ன செய்ய என்றார். மழைக்கிளியைத் தவிர இன்னும் இரண்டு பெண்களுக்கும் அவன் எழுதத் தொடங்கியிருந்தான்.

நீக்க முடியாத ஒருவனை என்ன செய்வது என்று விதியில் எழுதியிருக்கவில்லை. அது என் விதியில் இருந்த குறை.

யார் என்று கண்டுபிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது கரண்ட் வெட்டு நாளொன்றில். என் திரையில் ஒவ்வொரு அங்கத்தவரின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். முறைப்படி வெளியேறினால் புள்ளி உடனே மறையும். கணினி திடீரென்று அணைந்தால் புள்ளி மஞ்சளாகி, சில நிமிடத்தில் மறையும். அன்று காலை பத்தே காலுக்குத் தனிப்படகு மஞ்சளானான். மின்சாரசபை ஒட்டிய வெட்டு நேரங்கள் எங்கள் கடைச் சுவரில் இருந்தன. பத்தே கால், லிங்கநகர்ப் பக்கம்.

ஒரு தடவை தற்செயல். ஆகவே காத்திருந்து பார்த்தேன். அடுத்த வெட்டிலும் மஞ்சள். அதற்கு அடுத்ததிலும். உவர்மலைப் பக்கம் வெட்டியபோது அவன் பச்சையாகவே இருந்தான். சந்தைப் பக்கம் வெட்டியபோதும் பச்சை. அந்த நாட்களில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது, மறைக்கவில்லை. படித்த பௌதிகம் முதல் தடவையாக ஏதோ ஒன்றுக்குப் பயன்பட்டது.

லிங்கநகரில் அந்தக் கரண்ட் வயரில் இன்ரநெற் உள்ள வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். இராசதுரை என்பவருடையது. மாவட்டச் செயலகமான கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர். இணைப்பைப் பூட்டிக் கொடுத்தது ஸஹாப்தீன் நானா. இராசதுரை நல்ல இலக்கணத் தமிழ் எழுதுவார். கச்சேரி வேலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்பவர், பகலிலும் வீட்டில் இருப்பார். அவர் மனைவி புஷ்பவதி அக்கா சில நாள் கடைக்கு வந்து தாள்களைப் பக்ஸ் அனுப்புவார். "உங்கட அண்ணர் கதிரையை விட்டு எழும்ப மாட்டார் தங்கச்சி. கொம்பியூட்டரைத்தான் கட்டியிருக்கலாம்" என்று கணவரைப் பற்றி ஒருநாள் சொன்னார்.

அதையும் நான் சேர்த்துக்கொண்டேன்.

மழைக்கிளியின் பெயர் இராசதுரைக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி இருந்தது. சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்று அதை விட்டுவிட்டேன்.

இனி நான் யாரிடம் போவது? பொலிசில் போய் ஒரு ஆண் அதிகாரிக்கு முன்னால் நின்று, வயதுவந்தோர் தளம், தனிமடல், படம் என்று சொல்ல எனக்கு ஏலாது. சொன்னாலும் முதலில் கேட்பது மழைக்கிளி யார் என்றுதான். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை மிரட்டினான் என்பதற்காக யாரும் கதிரையை விட்டு எழும்ப மாட்டார்கள்.

கடைக்கு ஒருவர் வந்துபோவார். சாதாரண உடுப்பு, நல்ல தமிழ், இடுப்பில் சேட்டுக்குள் ஏதோ இருக்கும். எந்தப் பக்கத்து ஆள் என்று யாரும் கேட்பதில்லை. இன்ரநெற் பார்க்க வருகிறவர்களின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும், யார் எந்தக் கணினியில் எத்தனை மணிக்கு இருந்தார் என்பதையும் நாங்கள் எழுதி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. அவர் அதை வந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, நாலாவது கணினியில் கொஞ்ச நேரம் இருப்பார். நானா காசு கேட்பதில்லை.

"வந்திட்டார் நம்மட மாப்பிள்ளை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நானா பிளேன்ரீ எடுத்துவரப் போய்விடுவார்.

போகும்போது அவர் எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்பார். "ஊர்ப் புதினம் ஏதும் உண்டோ தங்கச்சி?" எல்லோரும் சொல்வதையே நானும் சொல்வேன், இல்லை என்று.

சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கேட்டபோது நான் இல்லை என்று சொல்லவில்லை.

"ஒராள் இன்ரநெற்றில கப்பல் வாறதைப் பற்றி எழுதுறவர்" என்றேன்.

அது பொய் அல்ல. துறைமுகத்துக்குப் படையினரின் கப்பல் வரும் நாளில், இயக்கத்துக்குத் தகவல் போகாமல் இருக்க, ஊரில் ரெலிபோன் எல்லாம் நிற்கும். "கப்பல் வந்தால் ஊர் ஊமை, அன்றைக்கு உன் குரல் யாருக்கும் கேட்காது" என்று தனிப்படகு மழைக்கிளிக்கு எழுதியிருந்தான். முழுவதையும் சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆகவே ஒரு பகுதியைச் சொன்னேன். சொன்ன பகுதி உண்மை. விளம்பரத்துக்கு வைத்திருந்த அதே அளவுதான்.

"என்ன பேரில?"

"தனிப்படகு எண்டு."

அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார்.

"அப்பிடியோ. ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"லிங்கநகர்."

"லிங்கநகரில ஆர்?"

ஒரு ஆணோடு அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. தொண்டை அடைக்கும் என்று பார்த்தேன், அடைக்கவில்லை. பெயரைச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். வெட்டு நேரங்களையும் மஞ்சள் புள்ளியையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். "வேற ஆருக்கும் சொல்லாதேங்கோ."

வியாழக்கிழமை பின்னேரம் இராசதுரை இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தார். காசைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு நின்றபோது ஒரு வான் வந்து நின்று அவரை ஏற்றிக்கொண்டு போனது. பாண் கடைக்காரர் இரண்டு றாத்தல் பாணையும் மிச்சக் காசையும் ஒரு பெடியனிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வேறு எதை அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளி காலை நான் வழமைபோலக் கடைக்குப் போனேன். அடையாள அட்டை பார்க்கிறவர் எட்டரைக்கு வந்து நாலாவது கணினியில் இருந்தார். ஒன்பது பத்துக்குக் கரண்ட் போனது. அவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, கரண்ட் எப்போது வரும் என்று கேட்டார். பதினொரு மணிக்கு என்று சொன்னேன். போய்விட்டார். அவர் போனபின் என் வேலைகளைப் பார்த்து முடித்தேன். பற்றரி நின்றது.

அதன்பிறகு தனிப்படகு என்ற பெயர் உள்வீட்டில் இல்லை. யாரும் தேடிப் பார்க்கலாம், ஒரு எழுத்தும் இல்லை. இரண்டு கிழமையில் மழைக்கிளி எனக்கு எழுதினார்: "நன்றி. இப்ப நித்திரை வருகுது." தவராசா அண்ணன் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டினார். அங்கத்தவர் தொகையும் கூடியது. தளத்தின் முகப்பில் ஒரு வசனம் சேர்க்கச் சொன்னார். நான் எழுதினேன்: "முறைப்பாடுகளை ஆறு மணித்தியாலத்துக்குள் கவனிக்கிறோம்."

அதுவும் உண்மை.

புஷ்பவதி அக்கா முதல் மனுவை எழுத எங்கள் கடைக்குத்தான் வந்தார். அவருக்கு வேறு கடை தெரியாது. செஞ்சிலுவைக்கு ஒன்று, மனித உரிமை ஆணைக்குழுவுக்கு ஒன்று. இராசதுரை எந்த அமைப்பிலும் இல்லை, யாரோடும் பகை இல்லை என்று நான் ரைப் அடித்தேன். காசு வாங்கவில்லை. பிறகு ஒவ்வொரு மாதமும் வந்தார். ஒவ்வொரு அலுவலக வாசலாக ஏறிவிட்டு வந்து, அங்கே அவர்கள் கேட்டதைச் சொல்வார்.

"உமது புருசன் இன்ரநெற்றில என்ன செய்தவர் எண்டு கேட்கினம் தங்கச்சி. கேட்டுட்டு ஒரு சிரிப்பு. என்னத்துக்குச் சிரிக்கினம்?"

நான் தெரியாது என்றேன். நேரடியாகப் பொய் சொன்ன ஒரே இடம் அது.

எனக்கு அந்தக் கடையை விட்டுப் போக வழி இருக்கவில்லை. விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். ஊரை விட்டுப் போக அனுமதி எடுக்க வேண்டும், அனுமதித் தாளிலும் காரணம் கேட்பார்கள். இரவில் துறைமுகத்தில் தண்ணீருக்குள் வெடி போடும் சத்தம் கேட்கும். சுழியோடிகள் வராமல் இருக்கப் போடுவது. வீட்டு யன்னல் அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். அடையாள அட்டை பார்க்கிறவர் தொடர்ந்து வந்தார். என்னிடம் புதினம் கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். என் மேசையைத் தாண்டும்போது, "எப்பிடி, கெட்டிக்காரப் பிள்ளை?" என்று கேட்பார். நான் எழுந்து நிற்பேன்.

அடுத்த வருடம் பங்குனியில் புஷ்பவதி அக்கா திரும்ப வந்தார். மெலிந்து போயிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. நாலாவது கணினியிலும் யாரும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னைத் துணிச்சல்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

"இந்தமுறை வேற மாதிரி எழுதுவம் தங்கச்சி" என்றார் அவர். "ஆரோ பிழையான தகவல் குடுத்திருக்கினம் எண்டு போடுங்கோ."

போட்டேன்.

"குடுத்தது ஆர் எண்டு எங்களுக்குத் தெரியாது எண்டும் போடுங்கோ."

விரல்கள் விசையில் நின்றுவிட்டன. அந்த வசனம் அவருக்கு உண்மை. ரைப் அடிக்கிறது நான்.

"ஏன் பிள்ளை, கரண்ட் போயிட்டுதோ?"

"இல்லை அக்கா. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான்தான் சொன்னனான்."

அவர் முதலில் சிரிப்பதுபோல வாயைத் திறந்தார். பிறகு மூடினார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் மழைக்கிளியைப் பற்றிச் சொன்னேன், மிரட்டலைப் பற்றிச் சொன்னேன், வெட்டு நேரங்களைச் சொன்னேன். ஒழுங்காக, முதலிலிருந்து. உங்களுக்குச் சொன்னதைப் போலவே. வாசலில் ஒரு மான் பெட்டிக்குள் தலையை விட்டுத் தாளைச் சப்பிக்கொண்டு நின்றது. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப, அதுகளை எழுதினது இவரோ? சொல்லுங்கோ தங்கச்சி. ஒரு வருசமா இதைத்தான் யோசிச்சுக்கொண்டு படுக்கிறன். இவர் அப்பிடி எழுதினவரோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவர் என்னை மன்னித்தும் இருப்பார். அவர் முகத்தில் அதற்கு இடம் இருந்தது.

"இல்லை அக்கா. அவர் இல்லை."

"எப்பிடித் தெரியும்?"

"கொண்டுபோன மற்ற நாள், வெள்ளி காலமை ஒன்பது மணிக்கு அந்த ஆள் திரும்ப எழுதினவர். எனக்குத்தான் எழுதினவர். 'உதவிக்கு நன்றி, கெட்டிக்காரப் பிள்ளை' எண்டு. ஒன்பது பத்துக்கு இங்க கரண்ட் போனது, அந்தப் பேரும் மஞ்சளாப் போனது. எங்கட கடையும் லிங்கநகரும் ஒரே கரண்ட் வயர் அக்கா. என்ர மிசின் பற்றரியில ஓடினபடியா நான் இந்தக் கடையைக் கணக்கில எடுக்கேல்ல. நாலாவது மிசினில இருந்து, ஆக்களின்ர அடையாள அட்டைப் பதிவு பாக்க வாறவர் எழும்பி வந்து, கரண்ட் எப்ப வரும் எண்டு என்னட்டக் கேட்டவர்."

அவர் நாலாவது திரைச்சீலையைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த எழுத்து இப்ப எங்க? அதைக் காட்டியிருந்தா இவரை விட்டிருப்பினமே. அண்டைக்கு இவர் உயிரோட இருந்திருப்பாரே."

"ஓம். இருந்திருப்பார்."

"எங்க தங்கச்சி அது?"

"நான் அழிச்சுப்போட்டன். பற்றரி நிக்க முதல், எல்லாத்தையும்." பிறகு, அவர் கேட்காமலே, மிச்சத்தையும் சொன்னேன். "அழிக்கச் சொல்லி அண்டைக்கு ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்ல அக்கா."